நிரல்களுக்கும் ஒரு பணிப்பதிவேடு வேண்டும்



குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு பேக்கரி. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அங்கே கால் கிலோ வர்க்கி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைபேசியைக் கடைக்காரரின் சதுரக் குறியீட்டின் முன் காட்டுகிறார். தமது இரகசிய எண்ணை அழுத்துகிறார். இரண்டு மூன்று விநாடிகளில் கடையிலுள்ள சிறு ஒலிபெருக்கி, பணம் வந்துவிட்டதென்று அறிவிக்கிறது.

அந்தச் சில விநாடிகளில் நடந்தவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். கைபேசியிலிருந்து புறப்பட்ட செய்தி ஒரு வங்கியின் கணிப்பொறியை அடைகிறது. அங்கிருந்து தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் கணிப்பொறிக்குச் செல்கிறது. அது வாங்கியவரின் வங்கியிடம் ‘இவ்வளவு கழித்துக்கொள்’ என்கிறது. விற்றவரின் வங்கியிடம் ‘இவ்வளவு சேர்த்துக்கொள்’ என்கிறது. பதில்கள் அதே வழியில் திரும்பி வருகின்றன. யு.பி.ஐ. என்ற பெயரில் 2016ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கிய முறை இது.

இத்தனை உரையாடலிலும் மனிதரை ஒரே ஒரு முறைதான் ‘நீ யார்?’ என்று கேட்டார்கள். மற்றவை யாவும் கணிப்பொறிக்குள் இயங்கும் ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசிய பேச்சு. (கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொடரையே நிரல் என்கிறோம், புரோகிராம் என்றும் சொல்வார்கள்.) அப்படியானால், இந்த நிரல்களைப் பார்த்து ‘நீ யார்? உனக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டா?’ என்று கேட்பவர் யார்?

‘ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதே’ என்று நமக்கு நாள்தோறும் அறிவுரை கூறுகிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் மனிதரைக் காவல் காப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது நிரல்களைக் காவல் காப்பதிலும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகமில்லாத ஊழியர்கள்

அரசு அலுவலகத்தில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் அவருக்கென்று ஒரு பணிப்பதிவேடு திறக்கப்படுகிறது. பெயர், சேர்ந்த நாள், பதவி, மாறுதல், விடுப்பு, ஓய்வு பெறும் நாள் ஆகிய எல்லாம் அதில் ஏறும். அவர் வேறு ஊருக்கு மாறினால் பொறுப்பை ஒப்படைத்து, சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அதே அலுவலகத்தின் கணிப்பொறியில் இரவு பகலாக இயங்கும் நிரல்களும் ஊழியர்களே. ஒன்று ஒவ்வொரு நள்ளிரவிலும் கணக்கை நகலெடுத்து வைக்கிறது. ஒன்று விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறது. ஒன்று குறுஞ்செய்தி அனுப்புகிறது. இவற்றின் முன் நாற்காலி போட்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இவை களைப்பதில்லை, விடுப்பு கேட்பதில்லை. அதனாலேயே இவற்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மனிதரை அடையாளம் காண நமக்குப் பல வழிகள் உண்டு. கைரேகை உண்டு, முகம் உண்டு, கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பலாம். நிரலுக்கு விரலும் இல்லை, முகமும் இல்லை, சட்டைப்பையில் கைபேசியும் இல்லை. ஆகவே நெடுங்காலமாகச் செய்துவந்த எளிய ஏற்பாடு, அதன் கையில் ஒரு நீண்ட இரகசியச் சொல்லைக் கொடுத்துவிடுவதுதான். அதைச் சொல்லும் எந்த நிரலுக்கும் கதவு திறக்கும்.

இந்த ஏற்பாட்டில் நான்கு குறைகள் உள்ளன. முதலாவது, இரகசியச் சொல்லை யாரும் நகலெடுக்கலாம். நகலெடுத்த பின்பும் மூலம் இருந்த இடத்திலேயே இருப்பதால் திருட்டு தெரியாது. இரண்டாவது, அதற்குப் பெரும்பாலும் முடிவு நாள் வைப்பதில்லை. மூன்றாவது, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவைக்கு மேல் உரிமைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். நான்காவது, நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்தச் சாவிக்குப் பொறுப்பாளர் யார் என்பதே மறந்துபோகிறது.

முதற்குறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஊபர் வாடகைக்கார் நிறுவனத்தின் பொறியாளர்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடத்தில், நிறுவனத்தின் தகவல் கிடங்கைத் திறக்கும் சாவிச் சொல்லும் எழுதப்பட்டிருந்தது. 2016இல் அங்கே நுழைந்தவர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் அவர்கள் கைக்குப் போயின. கிடங்கின் வாசலில் நின்ற கணிப்பொறி அவர்களைத் தடுக்கவில்லை. சரியான சாவியோடு வந்த நிரலாகவே அவர்களை எண்ணியது.

2017ஆம் ஆண்டில் நடந்தது

நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்னும் நுட்பமான பாடத்தைத் தருகிறது.

ஆதார் விவரங்களைக் காக்கும் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் அவற்றைக் கேட்பவர்க்கெல்லாம் தருவதில்லை. பதிவு செய்து உரிமம் பெற்ற அமைப்புகளின் நிரல்கள் மட்டுமே அதனோடு பேசலாம். மருத்துவமனைகளுக்காகத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘இ-ஹாஸ்பிடல்’ என்னும் ஏற்பாடு அவ்வாறு உரிமம் பெற்றவற்றுள் ஒன்று.

2017இல் ‘ஆதார் இ-கே.ஒய்.சி.’ என்ற பெயரில் ஒரு கைபேசிச் செயலி உலவியது. அதை உருவாக்கியவர் பெங்களூரிலிருந்த ஒரு மென்பொருள் பொறியாளர். அந்தச் செயலிக்கு ஆணையத்தின் உரிமம் இல்லை. எனினும் அது ஆதார் விவரங்களைப் பெற்றுக் காட்டியது. எப்படி? அது தன் கேள்விகளை இ-ஹாஸ்பிடல் சர்வர் வழியாக அனுப்பியது. கேட்டது இ-ஹாஸ்பிடல்தான் என்று எண்ணி ஆணையத்தின் கணிப்பொறி பதில் அளித்தது. ஆணையம் புகார் கொடுத்தது; ஆகஸ்டு மாதம் அந்தப் பொறியாளரைக் காவல்துறை கைது செய்தது. தனது மையத் தகவல் கிடங்கு உடைக்கப்படவில்லை என்று ஆணையம் விளக்கியது.

கிடங்கு உடைபடவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பூட்டு உடையவில்லை. எந்த அதிகாரியின் கடவுச்சொல்லையும் திருட வேண்டியிருக்கவில்லை. உரிமம் பெற்ற ஒரு நிரலின் பெயரை, உரிமம் பெறாத இன்னொரு நிரல் பயன்படுத்திக்கொண்டது. அவ்வளவுதான். இடையில் நின்ற சர்வர், தன்னிடம் வந்து கேட்பது யார் என்று விசாரித்திருந்தால் இது நடந்திருக்காது.

ஏமாந்த காரியஸ்தர்

கணிப்பொறி அறிவியலில் இத்தகைய ஏமாற்றம் புதியதன்று. நார்மன் ஹார்டி என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார்.

டைம்ஷேர் என்ற நிறுவனத்தின் கணிப்பொறியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியதைக் கணிப்பொறிக்குப் புரியும்படி மாற்றும் நிரல் ஒன்று அதில் இருந்தது. தன் புள்ளிவிவரங்களைக் குறித்து வைப்பதற்காக, நிறுவனத்துக்குரிய ஒரு தனிப் பகுதியில் எழுதும் உரிமை அதற்குத் தரப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்கும் அதே பகுதியில்தான் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர், ‘என் விடையை இந்தப் பெயருள்ள கோப்பில் எழுது’ என்று சொல்லிக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். நிரலும் தன் உரிமையைக் கொண்டு அதில் எழுதியது. கட்டணக் கணக்கு அழிந்தது!

வாடிக்கையாளருக்கு அந்தக் கோப்பைத் தொடும் உரிமை கிடையாது. நிரலுக்கு உண்டு. ஆனால் தான் அப்போது யாருக்காக வேலை செய்கிறோம் என்று நிரலுக்குத் தெரியவில்லை. பண்ணையாரின் முத்திரையை வைத்திருக்கும் காரியஸ்தர், வழிப்போக்கர் நீட்டிய தாளிலும் அதைக் குத்திக் கொடுத்தது போன்றது இது. அவர் திருடர் அல்லர், ஏமாந்தவர். 2017இல் இ-ஹாஸ்பிடல் சர்வரின் நிலையும் இதுவே.

இதற்கு மருந்தையும் அறிஞர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975இல் வெளியிட்ட ஆய்வுரையில், பயன்படுத்துவோர் மட்டுமின்றி ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமைகளோடுதான் இயங்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். மனிதரையும் நிரலையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்துப் பேசியதைக் கவனியுங்கள். ஐம்பது ஆண்டுகள் ஆகியும் நாம் அந்த விதியின் ஒரு பாதியைத்தான் பின்பற்றுகிறோம்.

பொய்யான ‘ஆம்’

கேட்கும் நிரலைச் சரிபார்த்தால் மட்டும் போதுமா? போதாது. பதில் சொல்லும் நிரலையும் சரிபார்க்க வேண்டும்.

ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையைச் செருகிப் பணம் கேட்டால், அந்தக் கேள்வி வங்கியின் மையக் கணக்குக்குப் போக வேண்டும். ‘இவர் கணக்கில் இவ்வளவு இருக்கிறதா?’ ‘ஆம், கொடு.’ இந்தக் கேள்வி பதில்களை இடையில் நின்று கடத்தும் கணிப்பொறிக்கு ஸ்விட்ச் என்று பெயர். 2018 ஆகஸ்டில், புனே நகரின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணிப்பொறிகளுக்குள் புகுந்த கூட்டத்தினர், போலி ஸ்விட்ச் ஒன்றை ஏற்படுத்தினார்கள். வந்த கேள்விகள் மையக் கணக்கை அடையவே இல்லை; போலி ஸ்விட்ச்சே எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் கூறியது. 28 நாடுகளில் போலி அட்டைகளைக் கொண்டு பணம் எடுக்கப்பட்டது. வேறு வழியில் அயல்நாட்டுக்கு அனுப்பப்பட்ட தொகையையும் சேர்த்து வங்கிக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

பணத்தை எண்ணிக் கொடுத்த இயந்திரங்கள் பழுதானவை அல்ல. அவை விதிப்படியே நடந்தன. ‘ஆம்’ என்று சொன்ன குரல் யாருடையது என்பதை உறுதி செய்ய வழியில்லாமல் போனதுதான் கேடு.

இரும்புப் பந்து கற்பிக்கும் பாடம்

அப்படியானால் நல்ல ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும்? அதற்கு ஒரு பழைய ரயில்வே கருவி நமக்கு வழிகாட்டும்.

எங்கள் மலை ரயில் 1899ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வந்தது. அது ஒற்றைத் தடம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்துவிடக்கூடாது அல்லவா? இந்திய ரயில்வேயின் பல ஒற்றைத் தடங்களில் இதற்காக நெடுங்காலம் பயன்பட்டது, நீல் என்பவர் பெயரால் வழங்கும் பந்து டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டையும் மின்கம்பி இணைக்கும். அந்த நிலையத்தார் இசைந்தால்தான் இந்தக் கருவி ஓர் இரும்புப் பந்தை வெளியே தரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் கருவிக்குள் போகும்வரை இரண்டு பக்கமும் அடுத்த பந்து வராது. ஓட்டுநர் பந்தைக் கையில் பெற்ற பிறகே வண்டியை அந்தப் பகுதிக்குள் செலுத்துவார். மறுமுனையில் அதை ஒப்படைத்துவிடுவார். அடுத்த பகுதியின் பந்துக்கு அமைப்பே வேறு; இங்குள்ள பந்து அங்குள்ள கருவியில் பொருந்தாது. இப்போது பல இடங்களில் மின்னணுக் கருவிகள் இதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

இந்தப் பந்தில் எத்தனை அறிவு பொதிந்திருக்கிறது, பாருங்கள்! அது ஒரு வண்டிக்கு, ஒரு பகுதிக்கு, ஒரு பயணத்துக்கு மட்டுமே உரியது. பயணம் முடிந்ததும் திரும்பிவிடும். வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பது எப்போதும் தெரியும்.

நிரல்களுக்கு இன்று கொடுக்கப்படும் நல்ல அனுமதிச் சீட்டுகளும் இவ்வகையினவே. அவற்றுக்கும் டோக்கன் என்றுதான் பெயர். ‘இந்த நிரல், இந்தப் பட்டியலை மட்டும், படிக்க மட்டும், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்’ என்று சீட்டில் எழுதியிருக்கும். நேரம் கடந்தால் சீட்டு செல்லாது. திருடினாலும் மறுநாள் பயன்படாது.

அந்தச் சீட்டு போலியா, உண்மையா என்று காண்பதற்குக் கணிதம் துணை செய்கிறது. 1970களில் அறிஞர்கள் கண்ட முறைப்படி நிரலிடம் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றை அது யாரிடமும் காட்டாது. மற்றொன்றை ஊருக்கே சொல்லலாம். சோதிப்பவர் புதிதாக ஓர் எண்ணை அனுப்பி, ‘இதில் கையொப்பமிடு’ என்பார். நிரல் தன் இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டு விடை அனுப்பும். வெளிப்படையான எண்ணைக் கொண்டு அந்த விடையைச் சரிபார்க்கலாம். இரகசியம் கம்பியில் பயணம் செய்வதே இல்லை. ஆகவே இடையில் ஒட்டுக் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

‘அந்த முதல் இரகசிய எண்ணை நிரலுக்குக் கொடுப்பது யார்?’ என்று நீங்கள் கேட்டால் உங்களைப் பாராட்டுவேன். குழந்தை பிறந்ததை மருத்துவமனை சான்றளிப்பது போல, நிரலைப் பிறப்பித்த கணிப்பொறி அமைப்பே சான்றளிக்க வேண்டும். ‘இந்த நிரல் இன்ன இயந்திரத்தில், இன்ன நேரத்தில், இன்ன பணிக்காக என்னால் தொடங்கப்பட்டது’ என்று அது கையொப்பமிடுகிறது. அந்தச் சான்றைக் காட்டித்தான் நிரல் தன் முதற்சீட்டைப் பெறுகிறது.

சில மறுப்புகள்

‘சீட்டு அடிக்கடி காலாவதியானால் வேலை நின்றுவிடாதா?’ என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம். 2018 டிசம்பர் 6ஆம் நாள் எரிக்சன் நிறுவனத்தின் தொலைபேசிக் கருவிகளில் இருந்த ஒரு மின்னணுச் சான்று காலாவதியாகிவிட்டதால், பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் இணையத் தொடர்பை இழந்தார்கள். ஆனால் இதிலிருந்து பெற வேண்டிய பாடம், சான்றுக்கு நீண்ட ஆயுள் கொடுக்க வேண்டும் என்பதன்று. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேலை மறந்துபோகும். நாள்தோறும் தானே நடக்கும் வேலை மறக்காது. உலகமும் இத்திசையில்தான் செல்கிறது. இணையத்தளங்களின் சான்றுகளுக்கு 2020 செப்டம்பர் முதல் உச்ச ஆயுள் 398 நாள்கள் என்று இருந்தது. அதைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சு முதல் 47 நாள்களாக்குவதென்று 2025 ஏப்ரலில் முடிவு செய்திருக்கிறார்கள்.

‘இவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குச் சரி, சிறிய அலுவலகத்துக்கு ஏது வசதி?’ என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் ஏற்க மாட்டேன். கையொப்பக் கணிதத்துக்கு வல்லுநர் வேண்டும். பதிவேடு எழுத வல்லுநர் வேண்டாம். எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் பாதரசப் புட்டி எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். அந்த அளவு ஒழுங்குதான் நான் கேட்பது.

உங்களுக்கு இதில் என்ன?

நிரம்ப உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. உங்கள் பெயர், வகுப்பு, பெற்றோர் விவரம் முதலியவை அந்த எண்ணின் கீழ்ப் பதிவாகியுள்ளன. அவை உங்களுக்கு உதவித்தொகை கிடைக்கவும், பாடநூல் வந்து சேரவும் பயன்படுகின்றன. நன்று. அவற்றைப் படிக்கும் உரிமை பெற்ற ஆசிரியர் யார், அலுவலர் யார் என்று கேட்டால் விடை சொல்லிவிடலாம். படிக்கும் உரிமை பெற்ற நிரல்கள் எவை என்று கேட்டால்?

2023இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. இசைவு கேட்பவர்கள், எந்தெந்த நிரல்களின் கைக்கு அந்த விவரம் போகும் என்பதையும் சொல்ல வேண்டாமா?

ஆகவே, பொதுமக்களின் விவரங்களை வைத்திருக்கும் ஒவ்வோர் அலுவலகமும் தன் நிரல்களுக்கும் பணிப்பதிவேடு ஒன்றைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் ஐந்து செய்திகள் போதும். நிரலின் பெயர் என்ன? அதன் வேலை என்ன? எந்த விவரங்களைத் தொட அதற்கு உரிமை உண்டு? அந்த உரிமை எந்நாளில் முடிகிறது? அதற்குப் பொறுப்பான மனிதர் யார்? ஐந்தாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நிரல் தவறு செய்தால் நிரலைத் தண்டிக்க முடியாது. ‘கணிப்பொறி அப்படிச் சொல்லிவிட்டது’ என்று கைவிரிக்க யாருக்கும் வழி இருக்கக்கூடாது. பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

உங்களில் பலர் பள்ளிக் கணிப்பொறி அறையில் இப்போதே சிறு சிறு நிரல்களை எழுதுகிறீர்கள். மழையளவைக் குறிக்கும் நிரலோ, நூலக நூல்களைப் பட்டியலிடும் நிரலோ எதுவாயினும் இரண்டு பழக்கங்களை இன்றே கைக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை நிரலின் வரிகளுக்குள் எழுதாதீர்கள். வேலை முடிந்த நிரலின் உரிமையை அன்றே நீக்கிவிடுங்கள். பிறகு, உங்கள் நிரல் ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்ன ஐந்து கேள்விகளின் விடையை ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளை நீங்கள் வங்கியிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் நிரல்களை எழுதும் பொறுப்பில் அமரும்போது, அந்த நோட்டு உங்கள் கையோடு இருக்கட்டும்.